புள்ளிவிபரம் படித்த பிள்ளைக்கு எங்கே தொழில்?

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், அஸருக்குப் பிறகு என் கடைக்கு ஒரு நண்பர் வந்தார். எருக்கலம்பிட்டிப் பக்கத்தில் மீன் வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்புபவர். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு கிடைத்திருக்கிறது. முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை.

"நானா, டொக்டர் என்றால் ஊருக்குச் சொல்லலாம். எஞ்சினியர் என்றாலும் சொல்லலாம். இவள் போய்ப் புள்ளிவிபரம் படிக்கப் போறேன் என்கிறாள். கணக்கெழுத நம்மட கடையிலேயே ஆள் இருக்கே. இதுக்கு நாலு வருசம் கண்டியில போய் இருக்கணுமா?"

நானும் யோசிக்காமல், "வங்கியில் வேலை கிடைக்கிற மாதிரி ஒரு படிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வர்த்தகப் பக்கம் திருப்பப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் புத்திமதி பிழையானது. இந்த வாரப் பத்தியை அதைத் திருத்துவதற்காகவே எழுதுகிறேன். நம் வியாபாரிகள் பலரும் தம் பிள்ளைகளுக்கு இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் வாயால் அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லட்டும் என்று நினைத்திருப்பார். நான் மேசையிலிருந்த பழைய கொப்பியை எடுத்துக் காட்டி, "மகள், வியாபாரத்துக்குப் படிப்பு வேண்டாம், அனுபவம் வேணும். அனுபவம் இருந்தும் நானே ஒரு தரம் விழுந்திருக்கிறேன்" என்று ஒரு கதையைத் தொடங்கினேன்.

கதை இதுதான். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் கட்டாக் கருவாட்டுக்குக் கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் கிராக்கி வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய மூன்று வருடங்களில் எனக்குக் கிடைத்த விலை கிலோவுக்கு 880, 920, 1,350 ரூபாய். கூட்டி மூன்றால் பிரித்தேன், 1,050 வந்தது. எல்லாச் செலவோடும் 980 ரூபாய் விழும்படி நாலாயிரம் கிலோ வாங்கிக் குவித்தேன். கிலோவுக்கு எழுபது ரூபாய் இலாபம் என்று கணக்கு. அந்த வருடம் சந்தையில் நின்ற விலை 900. கிலோவுக்கு எண்பது ரூபாய் வீதம் மூன்று இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் கையை விட்டுப் போனது.

அந்தப் பிள்ளை கொப்பியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "மாமா, மூன்று விலையிலும் நடுவில இருக்கிறது எது?"

"920."

"அதைப் பிடிச்சிருந்தா 980க்கு வாங்கியிருக்க மாட்டீங்கதானே? 1,350 வந்த வருசம் ஏதோ விசேசமா நடந்த வருசம். அது சராசரியைத் தூக்கி விட்டிருக்கு. இது சாதாரண தரக் கணக்குத்தான் மாமா. இதை இடையம் என்று சொல்லித் தருவாங்க."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன். பிறகு தேநீருக்குச் சொன்னேன்.

முத்துக் கம்பனி விழுந்த குழி

அன்றிரவு எனக்கு நம் கடலின் பழைய கதையொன்று ஞாபகம் வந்தது. சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு குளிப்பை அறிவிக்கவில்லை. முதலில் பரிசோதகர் முத்துப் பார்களுக்குப் போய், சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார். அவற்றை அழுக விட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை அரித்துத் தரம் பிரித்து, அனுபவமுள்ள வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு கணக்கு வரும். அதைப் பார்த்துத்தான் அந்த வருடம் குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

கீழக்கரை, காயல்பட்டினம் மரைக்காயர்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுகளும் கூடிய சந்தை அது. மாலையில் அரசாங்கப் பங்குச் சிப்பி ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே விலை கேட்க வேண்டும். கெட்டிக்கார வியாபாரி முதலில் கொஞ்சச் சிப்பியை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் பெரிய குவியலுக்கு வாய் திறப்பான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்கள் செய்வதும் இதைத்தான். பானையைக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். மேலே மட்டும் எடுத்தால் அடியில் பிடித்தது தெரியாது. புள்ளிவிபரவியலில் மாதிரி எடுப்பு என்று ஒரு முழுப் பாடமே இதைப் பற்றியது.

ஆனால் பெரிய முதலே தவறிய இடமும் இதே கடல்தான். 1891 க்குப் பிறகு பன்னிரண்டு வருடம் குளிப்பே நடக்கவில்லை. 1903 இல் திரும்பத் தொடங்கி, 1905 இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுக்கப்பட்டது. அந்த நல்ல வருடங்களைப் பார்த்து, 1906 இல் ஓர் ஆங்கிலக் கம்பனி இருபது வருடத்துக்கு முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. வருடக் குத்தகை 310,000 ரூபாய். 1907 ஓடு சிப்பி நின்றது. அடுத்த குளிப்பு 1925 இல்தான். கம்பனி அதற்கு வெகு முன்பே முடிந்து போனது.

நான் 1,350 ரூபாயைச் சராசரியில் போட்டதும், அவர்கள் 1905 ஐ நம்பியதும் ஒரே பிழை. நல்ல வருடத்தை மட்டும் பார்த்தால் கணக்கு அழகாக இருக்கும். கெட்ட வருடங்கள் எத்தனை, எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்று கேட்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் பல்கலைக்கழகம் நாலு வருடத்தில் உருவாக்குகிறது.

நம்மை எண்ணியவர்கள் யார்?

நம் சமூகத்துக்கு இது வியாபாரத்தோடு முடிகிற விடயமும் இல்லை. 1981 குடிசன மதிப்பில் மன்னார் மாவட்டத்தில் ஒரு இலட்சத்து ஆறாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் நாலிலொரு பங்குக்கு மேல் முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்துக்கும் போனோம். 1991 இல் நாட்டில் குடிசன மதிப்பே நடக்கவில்லை. 2001 இல் நடந்தபோது மன்னாரில் அது முழுமையாக நடக்கவில்லை. 1981 க்கும் 2012 க்கும் இடையில் 31 வருடம் இந்த மாவட்டம் முழுமையாக எண்ணப்படவேயில்லை. 2012 இல் மாவட்டத்தின் தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முஸ்லிம்கள் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு.

2012 இல் ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே எண்ணினார்கள். முசலியில் காணியும் பாதி கட்டிய வீடும் இருந்து, பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்தில் குடியிருந்த குடும்பம் புத்தளத்துக் கணக்கில்தான் சேரும். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. எண்ணும் முறை அது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் பல விடயங்கள் தொங்குகின்றன. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 55 வீத இடங்கள் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகை விகிதப்படிதான் பிரிக்கப்படுகின்றன. தலைகள் குறைந்தால் இடங்களும் குறையும்.

நண்பரின் மகளைப் பேராதனைக்கு அனுப்பியதும் புள்ளிவிபரம்தான். 2001 முதல் நடைமுறையில் இருக்கும் இஸட் புள்ளி, மாணவர் எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை நியம விலகலால் அளப்பது. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது நாடே கொந்தளித்தது. 2012 இல் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, இரு பிரிவினருக்கும் வெவ்வேறாகக் கணக்கிடச் சொன்னது. ஒரு சூத்திரத்தை எப்படிப் பிரயோகிப்பது என்பதில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் எதிர்காலம் தங்கியிருந்தது. இப்படிப்பட்ட மேசைகளில் உட்காரக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள்.

தொழில் எங்கே?

சரி, தகப்பனின் கேள்விக்கு வருவோம். படித்து முடித்தால் சம்பளம் யார் தருவது?

முதலாவது அரசாங்கம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருந்தாலும், அதன் உத்தியோகத்தர்கள் கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் வேலை செய்கிறார்கள். மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என்று நமக்கு ஐந்து பிரதேச செயலகங்கள். பட்டதாரிகள் போட்டிப் பரீட்சை மூலம் புள்ளிவிபரவியலாளர் சேவைக்குள் போகலாம். மத்திய வங்கியில் புள்ளிவிபரத்துக்கென்றே ஒரு திணைக்களம் உண்டு. ஒரு விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம், 2023 செப்டெம்பரில் 1.3 வீதம். "பணவீக்கம் குறைஞ்சிட்டுதாம், ஏன் விலையைக் குறைக்கவில்லை?" என்று அப்போது வாடிக்கையாளர் நம்மோடு சண்டை பிடித்தார்கள். குறைந்தது விலை ஏறும் வேகம், ஏறிய விலை அங்கேயே நின்றது. இதை விளங்கப்படுத்தத் தெரியாமல் ஏச்சு வாங்கிய கடைக்காரரில் நானும் ஒருவன்.

இரண்டாவது காப்புறுதியும் வங்கியும். இலங்கையில் தகாபுல் நிறுவனம் 1999 இல் வந்தது. நமக்கு அதன் சட்டதிட்டம் பற்றிப் பேச ஆட்கள் உண்டு. ஆனால் ஒரு லொறிக்கு, ஓர் உயிருக்கு எவ்வளவு பங்களிப்பு வாங்கினால் நிதியம் தாங்கும் என்று கணிக்க 'அக்சுவரி' எனப்படும் நிபுணர் வேண்டும். ஆயுள் காப்புறுதிக் கம்பனிகள் இந்த நிபுணரின் சான்று இல்லாமல் நடக்க முடியாது. நாட்டில் இவர்கள் மிகக் குறைவு. இங்கிலாந்து அல்லது அமெரிக்க நிறுவனங்களின் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி ஏற வேண்டும். வருடக்கணக்கில் எடுக்கும், கடினமும் கூட. ஆனால் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே தொடங்கலாம். வளைகுடாவிலும் இதற்கு மதிப்பு உண்டு. நம் பிள்ளைகள் அங்கே சாரதியாகவும் விற்பனையாளராகவும் மட்டும்தான் போக வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை.

மூன்றாவது ஏற்றுமதி. ஆடைத் தொழிற்சாலையில் ஆயிரம் துண்டில் எத்தனையைப் பரிசோதிப்பது, எத்தனை பழுது வந்தால் முழுத் தொகுதியையும் நிறுத்துவது என்பது கணக்குப்படிதான் நடக்கிறது. நம் ரோட்டில் ஓடும் ஜப்பான் வாகனங்களின் தரத்துக்குப் பின்னாலும் இந்தக் கல்வி இருக்கிறது. டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் 1950 இல் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கு வகுப்பு எடுத்தார். அவர் பெயரில் அங்கே இன்றும் விருது கொடுக்கிறார்கள். நம் கடலுக்கு வந்தால், பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீல நண்டு அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே வாங்குபவர்கள் விலையோடு நிற்பதில்லை. நண்டின் அளவு என்ன, சினை நண்டு எத்தனை, கடலில் மீதி எவ்வளவு என்று கேட்கிறார்கள். இறங்குதுறையில் நின்று நண்டை அளந்து எழுதுவதும், அந்த எண்களிலிருந்து கடலின் இருப்பை மதிப்பிடுவதும் தொழில்தான். நாரா நிறுவனத்தின் ஆய்வுகளும் இந்த வகைதான்.

நாலாவது காற்று. மன்னார்த் தீவின் தென் கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவோட். ஒரு காற்றாலையை நடுவதற்கு முன் அந்த இடத்தில் நீண்ட காலம் காற்றை அளந்தாக வேண்டும். இங்கேயும் சராசரி ஏமாற்றும். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப ஏறும். ஓரிடத்தில் எந்நேரமும் வேகம் 5, இன்னோரிடத்தில் பாதி நேரம் பூச்சியம், பாதி நேரம் 10 என்று வையுங்கள். இரண்டுக்கும் சராசரி 5 தான். ஆனால் இரண்டாவது இடத்தின் காற்றில் நாலு மடங்கு சக்தி இருக்கிறது. இன்னொரு பக்கம், 2025 இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வெள்ளநீர் ஓடும் வழி, மீன்பாடு, வங்காலைப் பக்கம் வரும் வலசைப் பறவைகள் என்று பல கேள்விகள். திட்டக்காரருக்கும் எண் வேண்டும், எதிர்ப்பவருக்கும் எண் வேண்டும். எண்ணிப் பதிந்த ஆதாரம் இல்லாதவர் குரலை உயர்த்த மட்டும்தான் முடியும்.

ஐந்தாவது சுகாதாரமும் ஆய்வும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே வருட இறுதியில் இந்தியாவில் நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் நுளம்பு முதன்முதலாக இலங்கையில் அகப்பட்டது நம் மன்னார்த் தீவில்தான். கிணறு கிணறாகப் பார்த்து எண்ணியதால்தான் அது தெரிய வந்தது. இவை தவிர சந்தை ஆய்வு நிறுவனங்கள், தொலைத்தொடர்புக் கம்பனிகள், கணினித் தரவுத் துறை, பல்கலைக்கழக விரிவுரை என்று பட்டியல் நீளும்.

இலகுவானது என்று சொல்லமாட்டேன்

பாதையின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. மூன்று வருடச் சாதாரண பட்டத்தோடு நின்றால் போட்டி கடுமை. நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக முதல் வருடங்களிலேயே நல்ல புள்ளி எடுக்க வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில். அலுவலகத்தில் சிங்களமும் வேண்டும். கணினியில் நிரல் எழுதத் தெரியாதவருக்கு இன்று இடமில்லை. வெறுமனே அட்டவணை போடும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு செய்துவிடுகிறது. ஆகவே எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்த எண்ணை நம்பாமல் விடுவது என்று தெரிந்தவரே நிலைப்பார். வேலைகளில் பெரும்பகுதி கொழும்பில் இருக்கிறது. பெண் பிள்ளையின் தங்குமிடம் பற்றிப் பெற்றோருக்கு வரும் கவலை நியாயமானதே. ஆனால் வீட்டிலிருந்தே தரவு வேலை செய்யும் வசதியும் இப்போது கூடிவருகிறது.

பாதைகளும் பலவாக இருக்கின்றன. கொழும்பு, பேராதனை, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் இத்துறை உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பீடத்தில் கணித விஞ்ஞானம் படிக்கலாம். வர்த்தகப் பிரிவு மாணவருக்கு உயர்தரத்திலேயே வணிகப் புள்ளிவிபரவியல் ஒரு பாடம். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் பிரயோகப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தின் பாடநெறிகளைப் பார்க்கலாம்.

வியாபாரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது மூன்றே விடயம். பத்து வருடக் கணக்குக் கொப்பிகளை எலிக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கடையின் ஞாபகசக்தி. விடுமுறைக்கு வரும் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளையிடம் அந்தக் கொப்பிகளைக் கொடுத்து, எந்தச் சாமான் எந்த மாதம் தேங்குகிறது, எந்தக் கடன்காரர் எத்தனை நாளில் கட்டுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு கூலியும் கொடுங்கள். ஊர் நலன்புரிச் சங்கங்கள் கொடுக்கும் புலமைப்பரிசிலில் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் பக்கத்தில் இந்தப் படிப்புக்கும் ஓரிடம் வையுங்கள்.

நண்பர் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். பேராதனைக்குப் போகுமுன் அந்தப் பிள்ளை ஒரு வாரம் என் கடைக்கு வந்து பழைய கொப்பிகளைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கூலி என்ன வேண்டும் என்று கேட்டேன். "கருவாட்டில நட்டப்பட்ட அளவுக்கு வேண்டாம் மாமா" என்றாள்.

தகப்பன் அன்றைக்குத்தான் சிரித்தார்.